மாஸ்ரரைக் கேளுங்கள்: சூறாவளியும் சாவுக் கணக்கும்

டிட்வா சூறாவளி வந்துபோன பிறகு என் பெயருக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றும் மழையும்தான். பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவனிடம் வேறு என்னத்தைக் கேட்பார்கள் என்று ஆசிரியர் சிரிக்கிறார். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. தலைமயிர் உதிர்வதற்கு மருந்து கேட்ட இணுவில் அன்பர் பொறுத்தருள வேண்டும். என் தலையைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கவும் மாட்டார்.

கேள்வி (கொக்குவில்): ஒரே புயலில் உலகத்திலேயே அதிகம் பேர் செத்தது எங்கே, மாஸ்ரர்?

பதில்: எங்கள் கடலில்தான். வங்காள விரிகுடாவின் மேல் முனையில், அன்று கிழக்குப் பாகிஸ்தான் என்றும் இன்று வங்காளதேசம் என்றும் சொல்கிற நாட்டில். 1970 நவம்பர் 12 இரவு கரையைக் கடந்த அந்தப் புயலை, அது அழித்த தீவின் பெயரால் போலா சூறாவளி என்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவில் 3 இலட்சம் பேர். 5 இலட்சம் என்பவர்களும் உண்டு.

கழிமுகத்து மண் தீவுகள் அவை. கடல் மட்டத்துக்கு மேலே ஓரிரு மீற்றர்தான் நிலம். அறுவடைக் காலம் என்பதால் கூலிக்கு வந்த வெளியூர்க்காரரும் நிறைய. இரவு, கடல் வற்றிப் பெருகுவதில் பெருக்கு நேரம். அதற்கு மேலே புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல். தஜுமுதீன் என்ற உபமாவட்டத்தில் 1,67,000 பேர் இருந்தார்கள். விடிந்தபோது நூற்றுக்கு 45 பேர் இல்லை.

புயலுக்குப் பிறகு டாக்காவில் இருந்த கொலரா ஆய்வுகூடத்தின் மருத்துவர்கள் சோமரும் மோஸ்லியும் ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போனார்கள். தப்பியவர்களில் பலருக்குக் கையின் உட்புறம், மார்பு, தொடை எல்லாம் தோல் உரிந்திருந்தது. ராத்திரி முழுக்க மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றவர்கள். அந்தக் காயங்களுக்கே ‘சூறாவளி நோய்க்குறி’ என்று பெயர் வைத்து எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பனைத்தொழில் முதியவர்களின் மார்புத் தழும்பைப் பார்த்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. மரத்தைப் பிடித்துத் தொங்கப் பலம் இருந்த வளர்ந்த ஆண்கள் தப்பினார்கள். பிள்ளைகள், பெண்கள், முதியவர்களின் பிடி நழுவியது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். சனத்தொகையிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

பிறகு நடந்தது அரசியல். மேற்குப் பாகிஸ்தானில் இருந்த அரசின் நிவாரணம் ஆமை வேகத்தில் வந்தது என்று கிழக்கில் கொதித்தார்கள். டிசம்பர் 7இல் தேர்தல். கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160 ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக்குக்குப் போயின. அடுத்த வருடம் போரும் புதிய நாடும். புயல்தான் நாட்டைப் பெற்றுக் கொடுத்தது என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுடைய வங்காள மொழிப் போராட்டம் அதற்குப் பதினெட்டு வருடம் முந்தியது. ஆனால் பிணம் எடுக்க வராத அரசாங்கத்துக்கு வோட்டுப் போட யாருக்குக் கை வரும்?

கேள்வி (பருத்தித்துறை): 1931இல் சீனாவில் 37 இலட்சம் பேர் செத்தார்கள் என்று யூரியூப்பில் ஒருவர் சொல்கிறார். அப்படியென்றால் அதுதானே முதலாவது?

பதில்: அது வெள்ளக் கணக்கு, புயல் கணக்கு அல்ல. யாங்சி, ஹுவாய் ஆறுகள் பெருகின. முன் வருடங்களில் வரட்சி, பிறகு கடும் பனி, அந்தப் பனி உருக மழை, அந்த ஜூலையில் மட்டும் ஏழு சூறாவளிகள். வழக்கமாக அங்கே வருடத்துக்கு இரண்டுதான். இறந்தவர் தொகை சில இலட்சத்தில் தொடங்கி 40 இலட்சம்வரை ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் சிறு பங்குதான். மிச்சப் பேர் மாதக் கணக்காகப் பசியிலும் வாந்திபேதியிலும் போனார்கள். ஆறு மாதம் கழித்து அகதி முகாமில் செத்த பிள்ளையை வெள்ளக் கணக்கில் எழுதுவதா, நோய்க் கணக்கில் எழுதுவதா? எழுதுகிறவரைப் பொறுத்தது. 1876இல் வங்காளத்துப் பாக்கர்கஞ்ச் புயலிலும் இதே கதை. இரண்டு இலட்சம் பேர் என்பார்கள். பாதிப் பேர் கடலில், பாதிப் பேர் பின்னால் வந்த கொலராவிலும் பஞ்சத்திலும்.

பழைய தொகைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 1737இல் கல்கத்தாவில் 3 இலட்சம் பேர் மாண்டதாகப் பல பட்டியல்களில் இன்னும் இருக்கிறது. அந்நாளைய கல்கத்தா அத்தனை சனம் குடியிருந்த ஊரே அல்ல.

மறைத்த கணக்கும் உண்டு. 1975 ஓகஸ்ட், சீனாவின் ஹெனான் மாகாணம். நீனா என்ற சூறாவளியின் மிச்சம் உள்நாட்டுக்குள் போய் அசையாமல் நின்று, சில நாட்களில் ஒரு மீற்றருக்கு மேல் மழை கொட்டியது. பான்சியாவோ அணை உடைந்தது. அதோடு சேர்ந்து வரிசையாக 62 அணைகள். வெள்ளத்தில் நேராக இறந்தவர் 26,000 என்று பிற்பாடு அரசு சொன்னது. பசி, நோய் சேர்த்தால் ஒன்றரை இலட்சத்தைத் தொடும் என்றும், அதற்கும் மேலே என்றும் சொல்வார்கள். பல வருடங்களாக வெளியுலகத்துக்கு மூச்சு விடவில்லை. சென் ஷிங் என்ற நீரியல் பொறியாளர் கட்டும்போதே கூடுதல் மதகு வைக்கச் சொன்னவர். மிகையான பயம் என்று குறைத்துக் கட்டினார்கள். யூரியூப்காரர் இதையும் ஒருநாள் போடட்டும்.

கேள்வி (குருநகர்): அரபிக்கடலிலும் புயல் வருகிறது, பசுபிக்கிலும் வருகிறது. வங்காள விரிகுடாவில் மட்டும் ஏன் இத்தனை சாவு?

பதில்: கடல் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. உலகத்துச் சூறாவளிகளில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கம் உருவாவதில்லை. பலமும் பசுபிக் புயல்களை விடக் குறைவுதான். ஆனால் சாவில் நாங்கள் முன்னுக்கு.

புயலின் நடுவில் காற்றமுக்கம் இறங்கும்போது கீழே கடல் கொஞ்சம் மேலெழும். ஒரு மில்லிபார் இறங்கினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இது சிறிய பங்கு. பெரிய வேலையைச் செய்வது காற்று. தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். ஆழக்கடலில் தள்ளிய தண்ணீர் கீழால் திரும்பிவிடும். ஆழமில்லாத கடலில் திரும்ப இடமில்லை, மேலேதான் ஏற வேண்டும். வங்காளக் கரையில் கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லை. விரிகுடாவும் மேலே போகப் போக ஒடுங்குகிறது. பெருக்கு நேரமும் கூடிவிட்டால் ஆறு, ஏழு மீற்றர் கடல் ஊருக்குள் வரும். அந்த ஊரில் மேடு இல்லை, சனமோ நெருக்கம்.

பாக்குநீரிணையின் ஆழம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலிப் பக்கத்துக் கடலில் அதே காற்று அடித்தால் ஏறுகிற தண்ணீரும், எங்கள் பக்கம் ஏறுகிற தண்ணீரும் ஒன்றல்ல. ‘காற்றின் வேகம் இவ்வளவு’ என்று வானொலி சொல்லும்போது அதைவிடக் கவனமாக, கடல் எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்குப் பெருக்கு என்று கேளுங்கள்.

கேள்வி (தெல்லிப்பழை): 2004 சுனாமி இந்தப் பட்டியலில் எத்தனையாவது?

பதில்: சேராது. அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. வானிலைக்கு அதில் பங்கே இல்லை. அன்று காலை மணற்காட்டிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் வானம் வெளித்துத்தான் கிடந்தது.

கேள்வி (சாவகச்சேரி, உயர்தர மாணவி): பணக்கார நாடுகளில் இப்படிச் சாவதில்லை அல்லவா, சேர்?

பதில்: இப்போது குறைவு, பிள்ளை. ஆனால் 1900 செப்டம்பர் 8இல் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் கரையில் கல்வெஸ்டன் என்ற தீவு நகரத்தில் 8,000 பேர் அளவில் இறந்தார்கள். பருத்தி ஏற்றுமதியில் பணம் கொழித்த துறைமுகம். ஊரின் மிக உயர்ந்த இடம் கடலிலிருந்து மூன்று மீற்றர்கூட இல்லை. ஏறி வந்த கடல் நாலரை மீற்றர். மீதிக் கணக்கை நீங்களே போடலாம். (எங்கள் குடாநாட்டிலும் மலை என்று இருப்பது கீரிமலை என்கிற பெயரில்தான்.)

எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. கியூபாவில் பாதிரிமார் நடத்திய பெலேன் வானாய்வு நிலையம் அந்தப் புயலைச் சரியாகக் கணித்திருந்தது. கரீபியன் புயல்களில் அவர்களுக்குப் பல வருட அனுபவம். ஆனால் அமெரிக்க வானிலைப் பணியகம் கியூபாக்காரரின் முன்னறிவிப்புகள் தந்தியில் போகாதபடி தடுத்து வைத்திருந்தது. தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்களாம். தங்கள் கணிப்பில், புயல் வடக்கே திரும்பி அத்திலாந்திக் கரையோரமாகப் போய்விடும். போகவில்லை. பிறகு அந்த ஊர்க்காரர் ஐந்து மீற்றர் உயரத்தில் கடற்சுவர் கட்டினார்கள். வீடுகளையும் கோயில்களையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே மண் நிரப்பி நகரத்தையே உயர்த்தினார்கள். காசு இருந்தால் அதுவும் செய்யலாம். பரீட்சையில் இந்த விஷயம் வராது. வந்தால் கடற்சுவரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

கேள்வி (நெடுந்தீவு): 1964 புயலை நீங்கள் கண்டீர்களா? தனுஷ்கோடி பற்றியும் எழுதுங்கள்.

பதில்: கண்டேன். சின்னப் பள்ளிக்கூடத்துப் பையன். வதிரியில் எங்களுடையது ஓலை வீடு. ஐயா பின்னேரமே மேகத்தைப் பார்த்துவிட்டு, கரையூரில் தெரிந்த ஒருவரிடம் பழைய வலை வாங்கி வந்து கூரைக்கு மேலே விரித்து, நாலு பக்கமும் கல்லுக் கட்டித் தொங்கவிட்டார். வலை காற்றைப் பிடிக்காது, ஓலையை விடாது. அந்த இரவு அம்மா எங்களை நெல்லுப் பெட்டிக்கு அருகே இருத்தி, வெளியே வந்தால் காலை முறிப்பேன் என்று சொன்னது நல்ல ஞாபகம். விடியப் பார்த்தால் வாழை முழுக்க நிலத்தில். முருங்கை இருந்த இடமே தெரியவில்லை. பனைகள் மட்டும் பழையபடி நின்றன. கூரையும் பெரும்பாலும் இருந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்துதான் அழுகுரல் வரத் தொடங்கியது. கடலுக்குப் போன வள்ளங்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இலங்கையில் மாத்திரம் 350 பேர் அளவில் இறந்ததாகப் பிறகு படித்தேன்.

புயல் வன்னிக்குக் குறுக்கே போய் அந்த டிசம்பர் 22 நள்ளிரவிலே பாக்குநீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியில் அடித்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடி வாசலில் சிக்னல் இல்லாமல் நின்றது. இருட்டு. ஓட்டுநர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூவவைத்து எடுத்தார். வந்த அலை முழு ரயிலையும் கொண்டுபோனது. 110 பயணிகள், 5 ஊழியர். சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரும் என்று சொல்பவர்கள் உண்டு. மொத்தச் சாவு 1,800 என்பது பொதுவாகச் சொல்லும் தொகை.

இளையவர்களுக்கு ஒரு விளக்கம்: தனுஷ்கோடி எங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் ஏறி, அங்கே இறங்கி, போட் மெயில் ரயிலைப் பிடித்துத்தான் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போனார்கள். ஐயாவும் ஆருத்திரா தரிசனத்துக்கு அப்படிப் போய் வந்தவர். பாம்பன் பாலத்தின் பல கண்கள் அடித்துப்போகப்பட்டன. கப்பலுக்குத் திறக்கிற நடுப்பகுதி தப்பியது. பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். 46 நாட்களில் பாலத்தைத் திருத்தி ரயில் ஓடவைத்தார். ஊரைத்தான் திருப்பிக் கட்டவில்லை, வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டார்கள். கப்பல் அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடியது. அது நின்றதற்குக் காற்று காரணம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

கேள்வி (மானிப்பாய், பிறந்தது மட்டக்களப்பு): 64ஐப் பேசுகிறவர்கள் எங்கள் 78ஐப் பேசுவதில்லை.

பதில்: நியாயமான கோபம் தங்கச்சி. 1978 நவம்பர் 23 இரவு. 900க்கு மேற்பட்ட உயிர்கள். பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சம், சேதமான வீடுகள் இரண்டரை இலட்சம் அளவில். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னையில் பத்துக்கு ஒன்பது விழுந்தது என்பார்கள். நெல் அடுத்த போகம் வரும். தென்னை நட்டால் காய்க்கவே ஆறேழு வருடம். தோட்டம் வைத்திருந்தவன் கூலிக்குப் போனது அந்தக் காற்றோடு முடியவில்லை. நேரில் கண்டவர்களிடம் கேட்டு நீங்களே எழுதி அனுப்புங்கள், ஆசிரியரிடம் இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

கேள்வி (நல்லூர்): புயலுக்குப் பெயர் வைப்பது யார்? 64க்கும் 78க்கும் ஏன் பெயர் இல்லை?

பதில்: எங்கள் பக்கத்து நாடுகள் சேர்ந்து பட்டியல் கொடுக்கின்றன. 2004இல்தான் வழக்கத்துக்கு வந்தது. 2018இல் வேதாரண்யப் பக்கம் அடித்த கஜா இலங்கை கொடுத்த பெயர். டிட்வா யேமன் கொடுத்தது, சொகோத்ரா தீவின் ஒரு கடல்நீரேரி. 2013இல் இலங்கை மகாசென் என்று கொடுத்துவிட்டு, குளம் கட்டிய அரசன் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று இங்கேயே எதிர்ப்புக் கிளம்ப, நடுவழியில் வியாரு என்று மாற்றினார்கள். புயல் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை): புரெவி நேரமும் டிட்வா நேரமும் கிராம அலுவலர் வந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். மாமி வரவே மாட்டேன் என்றுவிட்டா. ‘போன முறையும் போய்ப் பாயிலே படுத்ததுதான் மிச்சம்’ என்கிறா. உண்மையில் போவதால் பயன் உண்டா?

பதில்: இருக்கிறது. தொகையோடு சொல்கிறேன், மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வங்காளதேசத்தில் 1970இல் குறைந்தது 3 இலட்சம் என்று மேலே சொன்னேன். 1972இல் அரசும் செம்பிறைச் சங்கமும் தொண்டர் படை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு, கொடி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர்கள். ஆனால் ஓடிப்போய் ஏறுவதற்கு மாடிக் கட்டடம் போதவில்லை. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் பக்கம் 1,38,000 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு கரையோரம் முழுக்கத் தூண் மேலே நிற்கும் புகலிடங்கள் எழுந்தன. 2007 நவம்பரில் சிடர் என்ற கடும் புயல் வந்தபோது இறந்தவர் 3,400 அளவில். அதே கடல், அதே மண் தீவுகள்.

ஒடிசாவையும் பாருங்கள். 1999இல் ஏறத்தாழ 10,000 பேர். 2013இல் பைலின் வருமுன் பத்து இலட்சம் பேரை எழுப்பிக் கொண்டுபோனார்கள். இறந்தவர் ஐம்பதுக்கும் கீழே. மாறாக 2008 மே மாதம் மியன்மாரில் நர்கிஸ். முன்கூட்டியே இந்திய வானிலைத் துறை அறிவித்திருந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் இறந்தும் காணாமலும் போனவர் 1,38,000. அடுத்த வாரமே இராணுவ ஆட்சி அரசியலமைப்பு வாக்கெடுப்பு நடத்தியது. வெளிநாட்டு உதவியாளர்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

மாமியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1991இல் 20 வயதுக்கும் 44 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள், ஆண்களில் 15 பேர். ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்கள்: கணவன் வந்து சொல்லும்வரை காத்திருந்தார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீந்த முடியவில்லை, ஈரச் சேலை காலைக் கட்டியது, புகலிடத்தில் ஆண்களோடு நெருக்கி இருக்கக் கூசினார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் நூறு குடும்பத்துக்கு இரண்டு மலசலகூடம், அதில் ஒன்றுக்குக் கொண்டி இல்லை என்றால் வயதான மனுசி எப்படி வருவா? மழைக்கு முன்னமே கொண்டி போட்டுவைக்கச் சொல்லி அலுவலரைக் கேளுங்கள். போன முறை ஒன்றும் நடக்காமல் பாயில் படுத்துவிட்டு வந்ததைத்தான் நல்ல முறை என்று நான் சொல்வேன்.

டிட்வாவில் நாட்டில் 600க்கு மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலும் மலையகத்தில், மண்சரிவில். கடலுக்கு வெகுதூரத்தில், வீட்டுக்குள் இருந்தவர்கள்.

கேள்வி (உரும்பிராய், ஆறாம் ஆண்டு மாணவன்): ஆலங்கட்டி விழுந்து ஆள் சாவார்களா? மின்னல் எத்தனை பேரைக் கொல்லும்?

பதில்: சாவார்கள் தம்பி. 1888 ஏப்ரல் 30இல் இந்தியாவில் மொராதாபாத் பக்கம் ஆலங்கட்டி மழையில் 246 பேர். வாத்து முட்டை, தோடம்பழம், கிரிக்கெற் பந்து அளவுக் கட்டிகள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரொர்னேடோ என்கிற சுழல்காற்றில் (கடலில் வரும் சூறாவளி வேறு) அதிகம் பேர் இறந்ததும் வங்காளதேசத்தில்தான்: 1989 ஏப்ரல் 26, மணிக்கஞ்ச், 1,300 பேர். பனியும் கொல்லும். 1972 பெப்ரவரியில் ஈரானில் பனிப்புயல் ஊர்களையே மூடி 4,000 பேர் அளவில் மாண்டார்கள்.

மின்னலில் இரண்டு கணக்கு. 1975இல் இன்றைய சிம்பாப்வேயில், மழைக்கு ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 21 பேர் ஒரே இடியில் இறந்தார்கள். 1994 நவம்பரில் எகிப்தில் துரொன்கா என்ற ஊரில் மின்னல் எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்க, மழைவெள்ளம் எரிகிற எண்ணெயை ஊருக்குள் கொண்டுவந்து 469 பேர்.

உனக்குத் தேவையானது இவ்வளவுதான்: இடி கேட்டால் தோட்டத்தில் நிற்காதே, துலாவுக்குக் கிட்டப் போகாதே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பனைக்குக் கீழே ஒதுங்காதே. கல்வீட்டுக்குள் போ. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை விளையாட வெளிக்கிட வேண்டாம். அம்மா திட்டினால் மாஸ்ரர் எழுதியிருக்கிறார் என்று காட்டு.